யாக்கோப்பு நின்ற கதவு

1996 ஐப்பசியில் யாக்கோப்பு அனலைதீவுக்கு வள்ளமேறிப் போய்த் திரும்பி வராத பிறகும், அவருடைய காரின் முன்கதவில் அவருடைய பிம்பம் போகாமல் நின்றது. ஊர்காவற்றுறையில் அவர் வாடகைக்கு ஓடிய கறுப்பு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் அது. இறங்குதுறைக்குப் போகுமுன் கதவின் பளபளப்பில் பார்த்துத் தலைசீவியிருந்தார். சீப்பு பிடித்த கையோடு அப்படியே தங்கிவிட்டார். அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. அவர் போன வள்ளமும் பிறகு கண்டெடுக்கப்படவில்லை. மனைவி அன்ரனிட்டா கதவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் பார்த்தாள். பிறகு அவளுடைய தம்பி காரை ஓட்டினான். சோதனைச் சாவடியில் கதவிலிருந்தவரிடமும் அடையாள அட்டை கேட்டார்கள். பதில் வராததால் நாளடைவில் விட்டுவிட்டார்கள். இறங்கும் சனங்கள், "வாறன் அண்ணை" என்று கதவுக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்ரனிட்டாவுக்குத் தலை நரைத்தது. கதவில் நின்ற அவருக்கு ஒரு மயிரும் நரைக்கவில்லை.

2004இல் மகள் ஜெயந்தாவுக்குக் கலியாணம் பொருந்தியது. உப்புக்காற்றில் காரின் பெயின்ற் அங்கங்கே வெடித்திருந்தது. கறுப்புக் கார் செத்தவீட்டுக்குத்தான் சரி, பெண் வெள்ளைக் காரில் வரவேண்டும் என்றார் மாப்பிள்ளையின் தாய் பிலோமினம்மா. வேறு கார் பிடிப்போம் என்று சொன்னதற்கு ஜெயந்தா, "அப்பா வராத காரில நான் கோயிலுக்குப் போகமாட்டன்" என்றாள். பெயின்ற் அடிக்கும் விநாயகமூர்த்தியைக் கூப்பிட்டார்கள்.

"பழசைச் சுரண்டாமல் புதுசு நிக்காது அக்கா. ஏலாது."

"அந்தாளைச் சுரண்டப் போறீரோ?" என்றாள் அன்ரனிட்டா.

விநாயகமூர்த்தி கதவைப் பார்த்தார். சுரண்டக் கொண்டுவந்த அரத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொழும்பில் வான்களுக்கு ஸ்ரிக்கர் ஒட்டிப் பழகிய டெனிஸ்ரன்தான் வழி சொன்னான். "இது மேல ஒட்டுறது அக்கா. சுரண்டத் தேவையில்லை. வேண்டாமெண்டால் சூடுகாட்டி உரிக்கலாம், கீழ உள்ளது இருந்தபடி இருக்கும்." வெள்ளைத் தாளை இழுத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் தேய்த்து, கூரையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தான். அந்தக் கதவு கடைசியாக வந்தது. அன்ரனிட்டா அவனை மறித்துக் கதவின் முன் குந்தினாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை கலியாணத்துக்காகத்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ." பிறகு அவளே தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. அடுத்த கிழமையே உரித்துத் தருகிறேன் என்று டெனிஸ்ரன் வந்தான். அன்ரனிட்டா விடவில்லை. தாளோடு அவரும் உரிந்து வந்துவிட்டால் என்ன செய்வது? வருடா வருடம் அந்தப் பயம் இருந்தது. 2009இல் சண்டை முடிந்து, காணாமற்போனவர்களின் படங்களோடு சனங்கள் தெருக்களில் நின்ற நாட்களில், வெயிலில் காய்ந்த தாள் தானாகவே ஓரங்களில் சுருளத் தொடங்கியது. அன்ரனிட்டா டெனிஸ்ரனைக் கூப்பிட்டாள்.

தாளை உரித்தபோது கதவில் அவர் இருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டி, தோள் ஒருபக்கம் சரிந்திருந்தது. சீப்பு இல்லை, கை கீழே தொங்கியது. டெனிஸ்ரன் சூடுகாட்டும் கருவியை நிறுத்தினான். அன்ரனிட்டா முந்தானையால் பசையைத் துடைத்துவிட்டு, அவருடைய முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கனநேரம் இருந்தாள்.

"அப்பாவுக்கு வயசு போட்டுதம்மா" என்று ஜெயந்தா அழுதாள்.

"ஓம். எங்கையோ இருக்கிறபடியால்தானே வயசு போகுது."

காரின் மற்றப் பகுதிகளுக்குப் புது வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். அந்தக் கதவை மட்டும் கறுப்பாகவே விட்டார்கள். அதன்பின் எந்தக் கலியாணத்துக்கும் அந்தக் காரைக் கேட்டு வருகிறவர்கள், கதவுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வாடகை பேசினார்கள்.