ஒற்றை விசில்

அன்றைக்கு விசில் ஒரு தடவை ஒலித்ததா, இரண்டு தடவையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வராந்தாவின் மறுகோடியில் என் மனைவி வல்லி நிற்கிறாள், என் பழைய கண்டக்டர் விசில் அவள் வாயில், இரட்டை என்றால் நட, ஒற்றை என்றால் நில், அந்த ஏற்பாடு அவளுடையதுதான், கீமோ ஏறிய பிறகு வரும் அசதி தூங்கினால் தீருகிற அசதி இல்லை, படுக்கப் படுக்க உடம்பு கட்டிலோடு ஒட்டிக்கொண்டது, டாக்டரம்மா சொன்னார், படுத்தே கெடந்தா அடுத்த மருந்தத் தாங்க மாட்டீங்க, தள்ளிப்போட வேண்டியிருக்கும், தெனமும் கொஞ்சம் நடங்க, ஆனா களைச்ச பெறகு நிக்காதீங்க, களைக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுங்க. ஓடும் பேருந்தில் நின்றே வயதைக் கழித்தவனுக்கு அது விளங்கவில்லை, என் முகம் வாடுவது எனக்கு முன்னே வல்லிக்குத் தெரிந்தது, அதனால் விசில் அவளிடம்.

அன்றைக்கு என் வண்டி டிரைவர் பிச்சையா பார்க்க வந்திருந்தார், என்னவே, வண்டி ஷெட்டுலயே கெடக்குன்னு சொன்னாவ, என்று சிரித்தார், காலில் பழைய தெம்பு வந்தது, அல்லது கனவில் வருகிற தெம்பு, வராந்தா சாலையாக நீள்கிறது, தூண்கள் புளியமரங்களாகிப் பின்னால் ஓடுகின்றன, விசில் கேட்கிறது, நான் நிற்கவில்லை, மாடிப்படி இறங்கி, ஏறி, சுவரைப் பிடித்தபடி சரிந்தது மட்டும் தெரியும். ஒத்த விசில்தாங்க ஊதுனேன் என்றாள் வல்லி, ரெட்டை என்றேன் நான், என்னைக் கட்டிலில் கிடத்திய பிச்சையா மெதுவாகச் சொன்னார், இத்தன வருசம் உம்ம விசிலுக்கு நான் நின்னேம்வே, ஒரு விசிலுக்கு நீரு நிக்க மாட்டீரோ.

அந்த வாரம் சோற்றுத் தட்டைத் தூக்கக்கூடக் கை வரவில்லை, மருந்தைத் தள்ளித்தான் போட்டார்கள். வல்லி விசிலைக் கழுவி எடுத்து வந்தாள், கட்டிலிலிருந்து வாசல் வரை, ஒற்றை, நின்றேன், காலில் இன்னும் பலம் மீதி இருந்தது, சீட்டில் இடம் காலியாக இருக்கும்போதே வண்டியை எடுத்தது போலிருந்தது, ஆனாலும் நின்றேன், அடுத்த நாள் அந்த மீதி காலிலேயே இருந்தது.

மருந்தெல்லாம் ஏறி முடிந்தது, நான் இருக்கிறேன், பிச்சையா ஓய்வு பெற்று ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார், வல்லிக்குப் போன ஆடியில் கால் முட்டு ஆபரேஷன் நடந்தது, இப்போது வராந்தாவில் அவள் நடக்கிறாள், மறுகோடியில் விசிலோடு நான், அவள் உதடு இறுகுகிறது, அது அவளுக்குத் தெரியாது, ஒற்றை ஊதுகிறேன், கேட்காதவள் போல இன்னும் ஓர் எட்டு வைக்கிறாள், பிறகு நிற்கிறாள்.