கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டி

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் லூத்தரன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஆர்விட் பத்தொன்பது வருடங்களாகப் புல் வெட்டிவந்தார். அந்த மே மாதம், சின்ன டிராக்டரிலிருந்து இறங்கும்போது அவருடைய கால் அதன் டெக்கில் பட்டது. டெக் என்பது வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்கி, சுழலும் கத்திகளை மூடியிருக்கும் இரும்புக் கவசம். துரு தின்ற தகடு அப்பளம்போல நொறுங்கி, பூட்ஸ் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. நல்ல வேளை, எஞ்சினை முன்பே அணைத்திருந்தார்.

தேவாலயக் குழு கூடியது. மொத்தம் ஆறு பேர். தகடு வைத்துப் பற்றவைத்தால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்றான் மில்டன். சொந்தமாக வெல்டிங் மெஷின் வைத்திருப்பவன் வேறென்ன சொல்வான்? புதிது வாங்கியே தீரவேண்டும் என்றாள் அவனுடைய அக்கா வெர்னா. ஓட்டு மூன்றுக்கு மூன்றாக நின்றது. பாதிரியாரிடம் கேட்டதற்கு, இரு தரப்புக்காகவும் ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு முதல் பழுதுபார்க்கும் கட்சி இடப்பக்க பெஞ்சுகளிலும், புதுக்கட்சி வலப்பக்கத்திலும் உட்கார்ந்தன. புல் முழங்காலுக்கு வந்தது.

யாரையும் கேட்காமல் மில்டன் டெக்கைக் கழற்றிக்கொண்டு போனான். பற்றவைக்க நல்ல இரும்பு வேண்டுமே என்று துருவைச் சுரண்டினான். சுரண்டிக்கொண்டே போனான். சனிக்கிழமை ஒரு தீவன வாளியோடு திரும்பி வந்தான். டெக் அதற்குள் இருந்தது.

வெர்னாவும் சும்மா இருக்கவில்லை. அவளும் யாரையும் கேட்காமல் புது டெக்குக்குச் சொல்லியிருந்தாள். வந்திறங்கியது ஐந்தடி அகலம். கல்லறை வரிசைகளுக்கு நடுவே நாலடிதான் இடைவெளி.

"நடு வரிசைக் கல்லுங்கள ஓரடி தள்ளி வெச்சா சரியாப் போயிடும், ஆர்விட் அண்ணே," என்றாள். "ஆளுங்கள இல்ல, கல்லை மட்டும்தான்."

நடு வரிசையில்தான் ஆர்விட்டின் மனைவி இங்க்ரிட் படுத்திருந்தாள்.

"அப்படின்னா என் இங்க்ரிட் பேருக்குக் கீழ பாதி ஆளா பக்கத்துக் குழி ஹால்வர்சன் வந்துடுவாரும்மா," என்றார் ஆர்விட் நிதானமாக. "உயிரோட இருக்கும்போதே அவ அந்த மனுஷன்கிட்ட முகங்கொடுத்துப் பேசினதில்ல."

குழு இதை ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. ஹால்வர்சனுக்கு ஆட்சேபம் இருக்குமா என்றுகூட ஒருவர் கேட்டார். புல் இடுப்புக்கு வந்திருந்தது. அந்த வாரம் அத்தையைப் பார்க்கப் பூவோடு வந்த ஒரு பெண், தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் தோராயமாக ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதைக் கண்ட ஆர்விட்டுக்கு மனசு ஆறவில்லை. நேரே மில்டன் வீட்டுக்குப் போனார்.

"புது டெக்க அறுத்து நாலடிக்குள்ள கொண்டுவர முடியுமாடா?"

மில்டனின் முகம் மலர்ந்தது. "அறுத்துட்டா மறுபடி பற்றவைக்கணும் அண்ணே."

"பற்றவையேன். யாரு வேணாங்கிறது?"

பெட்டியிலிருந்து எடுத்த புது டெக், ஒரு புல்லைக்கூட வெட்டாமலே பழுதுபார்க்கப்பட்டது. நடுப்பகுதியை அறுத்து எறிந்து, இரு பாதிகளையும் ஒட்டவைத்தான். மூன்று கத்தி இரண்டாயிற்று. வாங்கியது புதிது என்று வெர்னாவும், ஓடுவது வெல்டிங்கால் என்று மில்டனும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். பெஞ்சுகளில் ஆட்கள் மறுபடியும் கலந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு குறைதான். இரு கத்திகளுக்கும் நடுவே ஒரு சாண் புல் வெட்டுப்படாமல், சேவல் கொண்டைபோல வரிசை நெடுகிலும் நின்றது. அது மற்றவருடைய தப்பு என்று அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஆள் விளக்கினார்கள். ஆர்விட் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி, ஒதுங்கி ஓட்டி, ஒவ்வொரு வரிசையையும் இரண்டாம் முறை வெட்டினார். இங்க்ரிட்டின் வரிசையில் மட்டும் கியரைக் குறைத்து மெதுவாகப் போனார்.