மேல் நிரை மரங்கள்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்த அன்றைக்கே ஞானமும் பிறந்துவிட்டது.

கண்டி பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து செய்கிற ஒப்பரேஷன். அதற்காக எத்தனை கிளினிக், எத்தனை பஸ், எத்தனை வரிசை. இந்தத் திகதியைத் தவறவிட்டால் அது இன்னொருவருக்குப் போய்விடும், மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும், அதுவரை இவருடைய நெஞ்சு பொறுக்காது என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினால், மனுஷன் வாசலில் குந்திக்கொண்டு கேட்கிறார்.

"எதுக்கு?"

"எது எதுக்கு?"

"இம்புட்டுப் பாடுபட்டு இந்த உசுர இழுத்துப் புடிச்சு வைக்கிறது எதுக்குன்னு கேக்கிறேன். பால் வெட்டி முடிச்சாச்சு. தோட்டத்துல இருந்து நின்னாச்சு. புள்ளயக் கட்டிக் குடுத்தாச்சு. இனி எதுக்குக் கலா? யாராச்சும் சரியாச் சொல்லட்டும், போறேன்."

அவர் பெயர் ஐயாவு. கேகாலைக்கு மேலே இருக்கிற இந்த றப்பர் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே ஓய்வு பெற்றவர். நான் விஜயகலா. பால் வெட்டப் போகிற பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வேலை. நாள் முழுக்க 'எதுக்கு, எதுக்கு' என்று கேட்கிற வாண்டுகளைச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒன்று. எனக்கு வந்த கோபத்தில் தேங்காய் மூடியை அவர் பக்கத்தில் டொக்கென்று வைத்தேன்.

அவருக்குப் பயம். எனக்குத் தெரியும். நெஞ்சை அறுத்துத் திறப்பார்கள் என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது? பயமாயிருக்கிறது என்று சொல்ல வாய் வராததால் இப்படியொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பயத்தையாவது அணைத்து ஆற்றலாம், கேள்வியை என்ன செய்வது?

மறுநாளிலிருந்து அவர் கேட்கக் கிளம்பினார்.

முதலில் கோயில் பூசாரி பழனியாண்டி. "போன பிறவிக் கணக்கு ஐயாவு. அதத் தீத்துட்டுத்தான் போகணும். தீக்காமப் போனா திரும்பி வந்து இதே தோட்டத்துல பொறக்க வேண்டியதுதான்" என்றார். "இதே லயத்துலயா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "அப்படியுந்தான் அமையலாம்" என்றாராம் பூசாரி. அன்று இரவு ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டு இவர் வெகுநேரம் படுத்திருந்தார்.

பிறகு அல்பிரட் அண்ணன். இவருடைய சின்ன வயதுச் சிநேகிதர், பக்கத்து வீடு, சேர்ச்சில் ஜெபம் சொல்கிறவர். "ஆண்டவர் ஒவ்வொருத்தரையும் ஒரு வேலையாத்தான் அனுப்புறாரு" என்றார் அவர்.

"என் வேலதான் முடிஞ்சிருச்சே. ஈபிஎப் காசும் எடுத்தாச்சு."

"அடேய், அது கொம்பனி வேல. நான் சொல்றது வேற."

"அது என்னா வேலன்னு சொல்லு."

"அது கடைசியிலதான் வெளங்கும்."

"கடைசியில வெளங்கி என்னா பிரயோசனம்?"

அல்பிரட் அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டு ஜெபத்தில் இவர் பெயரும் சேர்ந்துகொண்டதை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

மாவனல்லையில் சாமான் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பஸ்லான் நானாவையும் விடவில்லை. அவர் தராசை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். "இது பரீட்ச, ஐயாவு. அல்லா நம்மளச் சோதிக்கிறான். மருந்து செய்றதும் அதுல ஒரு கடமதான்." இவர் பரிதாபமாக, "நான் நாலாம் வகுப்போட நின்னவன் நானா, பரீட்சைன்னாலே வயித்தக் கலக்கும்" என்றார். பஸ்லான் நானா சிரித்துவிட்டு ஒரு கித்துல் கருப்பட்டியைக் கடதாசியில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் தந்தார். எங்கள் வீட்டுப் பழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார். விடியற்காலையில் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றியதும் இவர் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்து, மீதியை என் கையில் வைப்பார். கலியாணமான புதிதில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்த நாளில் தொடங்கியது. பிறகு டின் நிறைய இருந்தபோதும் நிற்கவில்லை. எங்கள் மகள் கோகிலா, "ஐயே, எச்சில்" என்று முகத்தைச் சுளிப்பாள்.

அந்தக் கோகிலாவையும் கொழும்புக்கு போன் போட்டுக் கேட்டார். "சந்தோஷமா இருக்கத்தான் அப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு, "பொழுதன்னைக்கும் சந்தோஷமா இருந்தா வேலவெட்டிய யாரு பாக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

கடைசியாக ஜெனிற்றா. அல்பிரட் அண்ணனின் மருமகள். இவர் ஓய்வு பெற்றபோது இவருடைய மரங்களை அவளிடம்தான் கொடுத்தார்கள். அவள் பால் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்க் கேட்டிருக்கிறார். "மாமா, இந்த நெரய முடிச்சிட்டு யோசிச்சுச் சொல்றேனே" என்றாளாம். நிரை முடிய அடுத்த நிரை. அவள் சொல்லவேயில்லை.

என்னை மட்டும் கேட்கவில்லை. தோட்டம் முழுக்கக் கேட்டார், கடையில் கேட்டார், கொழும்பில் கேட்டார். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பாயில் படுக்கிறவளைக் கேட்கத் தோன்றவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஆனாலும் வலித்தது.

போக வேண்டிய நாள் வந்தது. நான் பையைக் கட்டி வைத்து, வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி நீட்டினேன். "போட்டுக்கிறேன். ஆனா யாரும் சரியாச் சொல்லல. கேகாலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாறேன், அங்க யோசிப்போம்" என்றார். பஸ் ஸ்டாண்டில் யோசித்தால் திரும்பி வந்துவிடுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். ஜெனிற்றாவின் புருஷன் சாள்ஸ் தன்னுடைய த்ரீவீலைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஏறினோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய மரத்தில் பால் வடிந்து சிரட்டை நிறைகிற நேரத்தில் மழை வந்தால், யாருடைய மரம் என்று யாரும் பார்ப்பதில்லை. கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பாலை வாளியில் ஊற்ற வேண்டும். மழைத்தண்ணீர் கலந்துவிட்டால் அது பாலில்லை, வெட்டியவளுக்கு அன்றைக்கு அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம். சாள்ஸ் தன் கலியாணத்தன்று கோட்டுச் சூட்டோடு வாளி தூக்கியவன். றப்பர் பால் பட்ட கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அவர்களுடைய கலியாணப் படத்தில் அது இன்னும் தெரியும்.

கீழ் மலை வளைவில் திரும்பும்போது எதிர் மலையில் இரைச்சல் கேட்டது. மழை, எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ரோட்டுக்கு மேலே ஜெனிற்றா தனியாக மரத்துக்கு மரம் ஓடுவது தெரிந்தது. சாள்ஸ் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி ஓடினான். நான் இவர் கையைப் பிடிக்கத் திரும்பினேன். அந்தப் பக்கம் ஆளே இல்லை.

"நெஞ்சு வருத்தக்காரரு ஓடுறாரே, யாராச்சும் புடிங்களேன்" என்று கத்திக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். யார் பிடிப்பது? ஆளுக்கொரு திசையில் வாளியோடு ஓடுகிறார்கள். எதிரே வந்த ஜெனிற்றா என் கையிலும் ஒரு வாளியைத் திணித்தாள். நானும் அவரைத் திட்டிக்கொண்டே சிரட்டைகளை வாளியில் கவிழ்த்தேன். என்ன செய்ய, கை சும்மா இருக்க மாட்டேனென்கிறது.

மழை எங்கள் மேல் விழுந்தபோது அவரைக் கண்டேன். ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கப் பால். பக்கத்தில் முக்கால் வாளி நிறைந்திருந்தது. நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரையை எடுத்து அவர் வாயில் வைத்தேன். முதலாவது சேற்றில் விழுந்தது, இரண்டாவதுதான் போய்ச் சேர்ந்தது. முந்தானையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. அவருடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாக மூச்சு சீரானது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்தார். மேல் நிரையில் சில மரங்களுக்கு யாரும் போய்ச் சேரவில்லை. சிரட்டைகள் மழையில் நிரம்பி வழிந்து, பால் பட்டையெல்லாம் வெள்ளையாய் இறங்கி மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அங்க போக முடியலையே கலா" என்றார். "ரெண்டு நிமிஷத்துல ஏறுற மேடு. கண்ணு முன்னாலயே போகுது பாரு." அவர் குரல் உடைந்தது. அவர் மாமியார் செத்தபோதும் அழாத மனுஷன், என் அம்மாதான் அது.

ஜெனிற்றா வந்து, "பரவாயில்ல மாமா, கனக்கப் பால் தப்பிருச்சு, இன்னிக்கு முழுப் பேர்தான்" என்றாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நம்ம பஸ் போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"அடுத்தது எப்பன்னு சாள்ஸக் கேளு. பை நனையாம இருக்கா பாரு. கிளினிக் புத்தகம் இருக்கா?"

பஸ் ஸ்டாண்டில் அவர் யோசிக்கவில்லை. நனைந்த சட்டையோடு முதல் ஆளாக ஏறி, எனக்கும் இடம் பிடித்தார்.

ஆஸ்பத்திரி வாட்டில் அந்தச் சட்டையைப் பார்த்து டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பரேஷன் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இவர் நல்ல சிங்களத்தில், இது முடிந்தால் மேடு ஏறி ஓடலாமா என்று கேட்டார். டொக்டர் புருவத்தைத் தூக்கி, "கொஹாட்டத துவன்னே?" என்றார், எங்கே ஓட என்று. "வெஸ்ஸ எனகொட்ட, மஹத்தயா" என்றார் இவர். மழை வரும்போது ஐயா. டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், பிறகு மெதுவாக ஓடலாம் என்று சிரித்தபடி போனார். எனக்கு விளங்கியது. தலையணை உறையைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காலையில் தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகு அவர் என் கையைப் பிடித்தார்.

"எல்லாரையும் கேட்டேன். உன்னயக் கேக்கல."

"அந்த நெனப்பாவது இருக்கே."

"கோவிச்சுக்காத. நீ சொல்லியிருந்தா நான் அதுக்கு மேல யோசிச்சிருக்க மாட்டேன். உனக்காகத்தான் போறேன்னு ஆயிருக்கும். எனக்கே ஒரு ஆச வரட்டும்னு பாத்தேன். இப்ப கேக்கிறேன். நீ என்னா சொல்லுவ?"

எத்தனையோ நாள் மனசுக்குள் தயார் பண்ணி வைத்திருந்த பதிலை விட்டுவிட்டு, "மீதிக் கருப்பட்டிய எனக்கு யாரு தருவா?" என்றுதான் கேட்டேன். அவர் சிரித்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த கோகிலா எனக்கு சாயத்தண்ணி வாங்கி வந்தாள். பஸ்லான் நானாவின் கருப்பட்டியைப் பிரித்து ஒரு துண்டைக் கடித்தேன். மீதியை யாரிடமோ நீட்டுகிற மாதிரி என் கை தானாகப் போனது. கோகிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு கடதாசித் துண்டைக் கிழித்து, அந்தப் பாதியை அவளே பத்திரமாக மடித்து என்னிடம் தந்தாள்.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் பிள்ளை வெளியே வந்தாள். தாத்தா நல்லாயிருக்கிறார், கண் விழித்துவிட்டார், வெளியில் மழையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், என்ன சொல்ல என்று சிங்களத்தில் கேட்டாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க் கட்டடம்கூடத் தெரியாத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல வெயில் அடிக்குதுன்னு சொல்லுங்க மிஸ்" என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். "இல்லாட்டி எழும்பி ஓடிருவாரு."

மீதிக் கருப்பட்டிப் பொட்டலத்தையும் அவள் கையில் வைத்தேன். இப்போது சாப்பிடக் கொடுக்க முடியாதே என்றாள். தெரியும், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் போதும் என்றேன்.