மேடை கோணல்

பொழுது விடிவதற்கு முன்பே அந்தக் கட்டடத்திலிருந்து அடிதடிச் சத்தம் கேட்கும். உள்ளே யாரையோ போட்டு மொத்துகிறார்கள் என்று புதியவர்கள் நின்று பார்ப்பார்கள். மொத்து வாங்குவது செருப்பு. பாலே ஆடும் பெண்கள் புதுச் செருப்பைப் படிக்கட்டு விளிம்பில் ஓங்கி அடித்து, கதவிடுக்கில் வைத்து நசுக்கி, அதன் திமிரை அடக்கிய பிறகுதான் காலில் மாட்டுவார்கள். வெளியே ரோஜா நிறப் பட்டு. முனையில் பசை போட்டு இறுக்கிய கட்டை. விரல் நுனியில் நிற்க அந்தக் கட்டை வேண்டும். கடைக்காரன் பாஷையில் சொன்னால், உறை ஒன்று, சரக்கு வேறு.

கடைசி வரிசையின் கடைசி ஆளுக்கு நெட்டையக்கா என்று பெயர். உயரமானவர்களைப் பின்னால் நிறுத்துவது வழக்கம். பூக்கள் கூட்டம், பறவைக் கூட்டம், பேய்க் கூட்டம் என்று கூட்டமாக எது வந்தாலும் அதில் அவள் இருப்பாள். ராணியாக ஆடியதில்லை. ராணி செத்தால் அழுகிற கூட்டத்தில் நெடுங்காலமாக அழுதிருக்கிறாள். இப்போது நிஜமாகவே அழ வேண்டிய வலி ஒன்று இடது முழங்காலுக்குக் கீழே, எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியைச் சுற்றி, மேலே காலுறையை இழுத்து மறைத்தாள். அவள் வயதில் வலி என்று வாயைத் திறந்தால் மறுநாள் வீட்டில்தான் இருக்க வேண்டும். வேறு குழுவும் சீந்தாது.

"அக்கா, நொண்டுறீங்க." பக்கத்தில் நிற்கும் கடுகு சொன்னாள். ஆள் சிறுத்தவள், வாய் சிறுக்காதவள். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் அவளுக்கும் கடைசி வரிசைதான்.

"உன் கண்ணுல கொள்ளிய வைக்க. சும்மா இரு."

"எனக்கும்தான் வலிக்குது. ரெண்டு காலும். அதான் நான் நொண்டல. சமமா இருக்கு பாருங்க."

முன்பு அந்த மேடை மரத்தாலானது. பலகைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். குதித்து இறங்கினால் மெல்ல அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். முதலாளிக்குக் குடும்பத்தொழில் டைல்ஸ் வியாபாரம். அரங்கத்தை வாங்கிய கையோடு மரத்தைப் பெயர்த்து விற்றார். சிமென்ட் கொட்டி, கிடங்கில் விலை போகாமல் கிடந்த டைல்ஸை ஒட்டி, மேலே கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டு மூடினார். மரம் அடியை வாங்கிக்கொள்ளும்; சிமென்ட் அப்படியே திருப்பிக் கொடுக்கும். வியாபாரத்தில் திருப்பிக் கொடுப்பவன் யோக்கியன். தரையில் அந்த நியாயம் செல்லாது.

அன்று காலைப் பயிற்சியில் கூட்டமாகத் தாவி இறங்கும் இடம் வந்தது. எல்லாக் கால்களும் சேர்ந்து ஒரே சத்தமாக விழ வேண்டும். விழுந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம் தனியாகத் தெறித்தது, காய்ந்த விறகு முறிவதுபோல். கடுகு கீழே கிடந்தாள். முகத்தில் ஆட்டத்துக்கான புன்னகை இன்னும் கலையாமல் இருந்தது. கால் மட்டும் மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபின் முதலாளி வந்தார்.

"அனுப்பியாச்சுல்ல? ஆடுங்க. நாளைக்கு வெளியூர் அரங்கக்காரங்க ஒத்திகை பாத்து ஆட்டத்துக்கு வெல பேச வர்றாங்க."

"தரைதான் முதலாளி காரணம்." நெட்டையக்கா பின்வரிசையிலிருந்தே சொன்னாள். "அடியில மரம் இல்ல. இன்னைக்கு அவ, நாளைக்கு யாரோ."

முதலாளி சிரித்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். கேள்விப்பட்டதில்லையாம்மா?"

வாசலில் நின்ற கணக்குப்பிள்ளையும் சிரித்துவைத்தார். சிரிப்பது அவர் வேலையில் சேர்த்தி.

"மரத்த மறுபடி போடுங்க. கடுகு கால் கூடி வர்ற வரைக்கும் அவ இடம் அவளுக்கு இருக்கணும்."

"ஒடஞ்ச டைல்ஸ எந்தக் கடையிலம்மா திரும்ப எடுத்துக்குறாங்க? வராந்தாவுல போய்ப் பாரு. செருப்பக் கையில வெச்சுக்கிட்டு எத்தன பொண்ணுங்க தவம் கெடக்குதுன்னு. உன் வயசுக்கு உன்னை இன்னும் நிக்க வெச்சிருக்கேனே, அதுக்கே நீ கும்பிடணும்."

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

நெட்டையக்காவின் கணவன் நெசவு ஆலைக்காரன். தறிச்சத்தம் அவன் காதைத் தின்று தீர்த்துவிட்டது. அதனால் அந்த ஒற்றை அறை வீட்டில் மேடைப் பாஷைதான் புழக்கம். பாலேயில் வாய் பேசுவதில்லை, கைதான் பேசும். தலைக்கு மேலே கைகளை ஒன்றையொன்று சுற்றினால் ஆட்டம். முஷ்டி மடக்கி மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் சாவு. கல்யாணமான புதிதில் அவள் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தது. இப்போது கேஸ் தீர்ந்துபோனால் அடுப்புக்கு முன் நின்று முஷ்டிகளைக் குறுக்கே வைத்துக் காட்டுவான். எந்த ராஜகுமாரனின் சாவும் அவ்வளவு உருக்கமாக இருந்ததில்லை.

அன்று மாலை அவள் வாசற்படியிலேயே நின்று சொன்னாள். தரையைக் காட்டினாள். தலைக்கு மேலே கைகளைச் சுற்றினாள். முஷ்டிகளைக் குறுக்கே வைத்தாள்.

இங்கே ஆடினால் சாவு.

காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. "அத ஏன் என்கிட்ட சொல்ற? உன் முதலாளிகிட்ட சொல்லு!" தெருவே திரும்பிப் பார்த்தது.

அவனுக்குக் காது கேட்காது என்று கையால் காட்டினாள்.

"எனக்கும்தான் கேக்காது. நீ விட்டியா?"

மறுநாள் விடியலில் படிக்கட்டில் செருப்புகள் அடி வாங்கவில்லை. பெண்கள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடுகுக்காக நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?" என்றாள் முதல் வரிசைக்காரி ஒருத்தி.

"மண்ணு போட்டாச்சுடி. மேல ரப்பர விரிச்சிருக்கான், உனக்குத் தெரியல. காலுறையக் கழட்டிக் காட்டு பாப்போம், யாருக்கு வீக்கம் இல்லன்னு" என்றாள் நெட்டையக்கா.

யாரும் கழற்றவில்லை. கழற்றாததே பதிலாக இருந்தது.

"யாரு மொதல்ல பேசுறது? மொதல்ல வாயத் தொறந்தவ தலதான உருளும்?" என்றாள் இன்னொருத்தி.

நெட்டையக்கா யோசித்தாள். "நாம என்னைக்கு வாயால ஆரம்பிச்சோம்?"

எல்லோருக்கும் புரிந்தது. மேடையில் கூட்டம் ஒன்றாக அசைவது தாளத்தை எண்ணுவதால் அல்ல, மூச்சால். யாரோ ஒருத்தி மூக்கால் மூச்சை இழுப்பாள். அந்தச் சின்னச் சத்தத்தில் வரிசை முழுக்கக் கை தூக்கும். யார் மூச்சு என்று கடவுளே வந்து கேட்டாலும் சொல்ல முடியாது.

வெளியூர் அரங்கக்காரர்கள் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் முதலாளி. ஒத்திகை ஓடியது. தாவும் இடம் வந்தது. பியானோக்காரம்மா அழுத்தி வாசித்தாள். யாரும் தாவவில்லை.

மூச்சு கேட்டது.

கைகள் எல்லாம் சேர்ந்து தரையைக் காட்டின. தலைக்கு மேல் உயர்ந்து சுற்றின. முஷ்டிகளாக இறங்கிக் குறுக்கே நின்றன. கடைசியில் உள்ளங்கை கீழ்நோக்கி விலகித் திறந்தன: இல்லை, மாட்டோம்.

முதலாளி கைதட்டினார்.

"அடடா! என்ன மாஸ்டர், புதுசா சேத்தீங்களா? சொல்லவே இல்ல!"

மாஸ்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்திருந்தது. வெளிறிப்போய்ச் சொன்னார்: "ஆமாங்க... புதுசுதான்."

அரங்கக்காரர்களும் தட்டினார்கள். பெண்கள் மறுபடி சொன்னார்கள், இன்னும் அழுத்தமாக. கைதட்டல் இன்னும் பலமாக வந்தது. பாலே கம்பெனி முதலாளிக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்கும் என்று நம்பியது அவர்கள் தப்பு. மாட்டை விலைக்கு வாங்கியவனுக்கு மாட்டின் பேச்சு எதற்கு?

வேறு வழியில்லை. கடைசி வரிசையிலிருந்து நெட்டையக்கா நடந்தாள். எல்லாரையும் தாண்டி, ராணி நிற்கும் இடத்துக்கு வந்து நின்றாள். ஆட்டத்துக்கு நடுவே வாய் திறந்து பேசியறியாதவளின் குரல் கரகரத்து வந்தது.

"இது ஆட்டம் இல்ல முதலாளி. ஆடத் தெரிஞ்சவங்க சொல்றோம். மேடை கோணல்."

அவள் உட்கார்ந்தாள். பின்னால் பாவாடைகள் சரசரத்தன. வரிசைகள் உட்கார்ந்தன. முதல் வரிசைக்காரி உட்காரவில்லை. இன்னும் இரண்டு பேரும் உட்காரவில்லை. தலையைக் குனிந்தபடி ஓரமாகப் போய் நின்றார்கள். வீட்டில் அவர்களுக்கு என்ன பாடோ.

அரங்கக்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். முதலாளி கத்தவில்லை. பேரத்தில் கத்துகிறவன் தோற்பான் என்று அவருக்குத் தெரியும். நிதானமாகச் சொன்னார்: "நல்லா உக்காருங்க. கணக்குப்பிள்ளை, வராந்தாவத் தொறந்து விடும்."

காத்திருந்த பெண்கள் செருப்பும் கையுமாக உள்ளே வந்தார்கள். பசியும் நம்பிக்கையும் சேர்ந்த முகங்கள். அவ்வளவுதான் என்று நினைத்தாள் நெட்டையக்கா. கடுகின் கால் கூடினாலும் அவள் இடம் இருக்காது, தன் காலும் இனி எந்த மேடையும் ஏறாது. சண்டை தொடங்கிய இடத்திலேயே முடிந்தது.

யாரோ மூச்சிழுத்தார்கள்.

உட்கார்ந்திருந்த கைகள் எல்லாம் எழுந்தன. தரை. ஆட்டம். சாவு. மாட்டோம்.

வந்தவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு அந்தப் பாஷை தெரியும். அதைப் படித்துத்தானே வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். முதலாளிக்கு விளங்காதது அவர்களுக்கு ஒரே பார்வையில் விளங்கியது.

"என்ன வேடிக்க? ஏறுங்க மேல!"

சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஏறினார்கள், ஓரமாக உட்கார்ந்து நாடா கட்டத் தொடங்கினார்கள். சிலர் வாசலுக்கே பின்வாங்கினார்கள். செருப்பு நாடாவில் ஊசியைக் குத்தியபடி வந்த ஒருத்தி மட்டும் மண்டியிட்டு, ரப்பர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பூப்போட்ட டைல்ஸ், குளியலறைக்கு ஒட்டுவது. விரல் முட்டியால் தட்டினாள். டொக்கென்றது. மரம் அப்படிச் சொல்லாது.

அவள் எழுந்தாள். நெட்டையக்காவைப் பார்த்தாள். பின்வரிசைக்கு நடந்து, கடுகின் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது யாரு எடம்?" என்று அருகிலிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கால் ஒடஞ்சவளோடது. வருவா."

"சரி. நான் இந்தப் பக்கமே இருக்கேன்."

முதலாளி போனை எடுத்து யாரையோ வரச் சொன்னார், ஆட்களோடு. "வாசிங்கம்மா!" என்று பியானோவைப் பார்த்து அதட்டினார். மேடை ஓரத்தில் நாடா கட்டி முடித்தவர்கள் எழுந்து நின்றார்கள். பியானோக்காரம்மாவின் கைகள் மடியில் கிடந்தன. அவை எப்போது மேலேறும், எவ்வளவு நேரம் மடியில் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

நெட்டையக்காவின் எலும்பில் வலி விண்ணென்று தெறித்தது. வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மூச்சு ஒன்று எழுந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் இந்தக் கூட்டத்தின் மூச்சு ஒவ்வொன்றையும் அவள் அறிவாள். இது புதியது. எல்லாக் கைகளும் எழுந்தன.