அளவுகோலை உருவுவதற்கு முன்

1.

இந்தக் கதை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறையில் எனக்குக் கிடைத்தது. டயர் மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. ஒருவர் உள்ளே குனிந்து, கால்விரிப்பைத் தூக்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, கையை விட்டு எண்ணெய் மட்டம் பார்க்கும் ஒரு நீள அளவுகோலை உருவினார். கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கிறாராம். நுனியை முகர்ந்தார். யாரையும் பார்க்காமல் தலையை ஆட்டினார். யார் மேலோ குற்றம் சொல்வது போல இருந்தது. யார் மேல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டியிருக்காது.

2.

முதல் தொடக்கம்: ‘சபாபதி ஏமாற்றுகிறார் என்று உஷாராணிக்குத் தெரிந்த நாளில்’

(அடித்துவிட்டேன். தெரியாது. சந்தேகம்தான்.)

கிள்ளானில் ஒரு வரிசை வீடு. போர்ச்சில் உஷாராணியின் கணவர் கமலநாதனின் கார், பட்டறையில் பார்த்த அதே ரகம். அவர் போன வருஷம் இறந்தார். நண்பர் சபாபதி அவ்வப்போது வந்து, “சும்மா நிறுத்தினா கெட்டுப்போயிடும் உஷா” என்று போர்ட் கிள்ளான்வரை ஓட்டிவிட்டு வருவார். எண்ணெய் பார்த்து ஊற்றுவதும் அவர் பொறுப்பு. கமலநாதன் பெயரை அந்த வீட்டில் சத்தமாகச் சொல்கிற ஆள் இப்போது அவர் மட்டும்தான். ஆனால் கார் திரும்பி வரும்போது கியர் முனகுவதாக உஷாராணிக்குத் தோன்றியது. ஒரு தடவை தோன்றிவிட்டால்

(இந்த வாக்கியம் முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை.)

ஒரு காலையில் அவளே கால்விரிப்பைத் தூக்கினாள். கோல் காய்ந்திருந்தது.

3.

“அண்ணே, சாவியக் குடுத்துடுங்க.”

“ஏன்?”

“எண்ணெயே இல்ல. வெறும் கியர்பாக்ஸ வச்சுத்தான் இத்தன நாளா ஓட்டுறீங்க.”

சபாபதி தரையைப் பார்த்தார். “இங்கயே வச்சா பாத்த?”

“பின்ன? பாசார்லயா வச்சுப் பாப்பாங்க?”

“போர்ச் சரிவு லா. கார் மூக்கு மேல நிக்குது, எண்ணெய் பூரா பின்னால போயிருக்கும், கோல்ல ஒட்டாது. சமமான எடத்துல பாக்கணும்.”

“பதில ரெடியா வச்சிருக்கீங்க.”

(எங்கள் போர்ச்சுகள் கழுவிய தண்ணீர் வாசல் கால்வாய்க்கு ஓட வேண்டும் என்று சரித்துக் கட்டப்படுபவை. எனக்கு இது இரண்டாம் வரைவில்தான் உறைத்தது. சபாபதிக்கு உடனே உறைத்திருக்கிறது. அதனால் அவர்மேல் எனக்கும் சந்தேகம் கூடிவிட்டது.)

உஷாராணி தினமும் அந்தத் தரையைக் கழுவுகிறவள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் காரைத் தெருமுனையில் சமதளமான பூப்பந்துத் திடலுக்குத் தள்ளியபோது அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

4.

எண்ணெய் சமனாகட்டும் என்றார் சபாபதி. காத்திருந்தார்கள்.

ஒரு முடிவு: கோல் காய்ந்திருக்கிறது. அவர் சாவியை வைத்துவிட்டுப் போகிறார்.

இன்னொரு முடிவு: எண்ணெய் கோலிலுள்ள கோட்டைத் தொடுகிறது. அப்போதும் சாவியை வைத்துவிட்டுப் போகிறார்.

(இந்த இரண்டாவதை எழுதியபின் வெகுநேரம் பேனாவைத் தொடவில்லை.)

“நீயே எடு” என்றார். கோலில் கை வைத்தாள். அவர் துணியை நீட்டினார். “தொடச்சிட்டு மறுபடி விட்டுப் பாரு. இல்லாட்டி அதுவும் தப்பாக் காட்டும்.”

துணியை அவள் இன்னும் வாங்கவில்லை. இதற்குமேல் எழுதினால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். சாய்ந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று மேலே எழுதியாகிவிட்டது. நீங்கள் உருவிப் பாருங்கள்.