படுத்தால் மூச்சு முட்டுது

பிரசவ வார்டில் காலை பதினோரு மணி என்பது நிற்க நேரமில்லாத பொழுது. வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சீட்டு எழுத வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்குப் படுக்கை விரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை நர்ஸின் தங்கை போன் செய்தாள்.

அதே வார்டில்தான் தங்கைக்கு மகள் பிறந்தாள். பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது என்றாள்.

"படுத்தா மூச்சு முட்டுதுக்கா. உக்காந்தேதான் தூங்குறேன்."

நர்ஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விரிப்பை உதறினாள். "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்டி. குழந்தை தூங்குறப்ப நீயும் தூங்கு."

இருமல் என்று முன்பு சொன்னபோது சளி என்றாள். கால் வீங்குகிறது என்றபோது, காலைத் தூக்கி வைத்துக்கொள் என்றாள். சின்ன வயதிலிருந்தே கையில் முள் குத்தினாலும் ஊரைக் கூட்டுகிறவள் என்று தங்கைக்குப் பெயர். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனோ, அக்காவே சொல்லிவிட்டார்களே என்று நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் கவுன் வாங்கிக்கொண்டு நர்ஸ் போனாள். கதவைத் திறந்த மாப்பிள்ளை, உங்கள் தங்கை வேலையிலிருந்து தப்பிக்க நல்ல வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று கேலி செய்தான். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தங்கை கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "வா" என்றவளுக்கு "அக்கா" என்று சொல்ல இன்னொரு மூச்சு தேவைப்பட்டது. நர்ஸ் அவள் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி வார்டில் இப்படி இருந்திருந்தால், அவள் அந்த நொடியே டாக்டரிடம் ஓடியிருப்பாள். ஆம்புலன்ஸை அழைக்கும்போது இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள்.

பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகிவிடும் என்று இதய டாக்டர் விளக்கினார். தங்கையின் இதயம் வீங்கி, அனுப்ப வேண்டிய ரத்தத்தில் பாதியைக்கூட அனுப்பவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா" என்றான் கணவன்.

"வீட்டுல விவரம் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"நான் இருந்தேன் டாக்டர்," என்றாள் அவள். "பிரசவ வார்டுல பதினாறு வருஷமா நர்ஸ்."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆறாம் நாள் தங்கையால் சாய்ந்து படுக்க முடிந்தது. மாத்திரையை நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்காமல் இன்னொரு குழந்தையை நினைக்கவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச வாயெடுத்தாள்.

"நான் நடிக்கிறேன்னு நெனச்சியாக்கா?"

"இல்லடி. எனக்குத் தெரியாததா என்னன்னு நெனச்சேன்."

மறுவாரம் வார்டில் ஒருத்தி குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பினாள். நர்ஸ் அவள் கணவனையும் மாமியாரையும் எதிரே உட்கார வைத்தாள்.

"படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குது, இருமல் நிக்கலைன்னு இவ சொன்னா, களைப்புன்னு நீங்களா முடிவு கட்டாதீங்க. அன்னிக்கே கூட்டிட்டு வந்து இதயத்தைப் பாக்கச் சொல்லுங்க. நானே சகஜம்னு சொன்னாலும் கேக்காதீங்க. பிள்ளை பெத்தவ தன் உடம்பைப் பத்திச் சொன்னா, மொதல்ல நம்புங்க."