கீழ்த்தட்டுக் கோப்பைகள்

"ஒரு மணி நேரந்தான். இருமல் வந்தாக்கூட தலையணைய வாயில வெச்சு அமுக்கிக்கோ," என்று சொல்லிவிட்டு அம்மா அறைக்கதவைச் சாத்தினாள்.

பெரியவள் கட்டிலில் இருந்தபடியே தலையாட்டினாள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் மூன்று முறை கோப்பை வாங்கி வந்த பெண்கள் அணியின் கேப்டன் அவள். எதிரணிக்காரிகள் வண்டியோடு வந்து மோதினாலும் அசையாத ஆள், தங்கைக்காக அசைந்து கொடுத்திருந்தாள். சின்னவளை இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மூத்தவளுக்குக் கால் வராது என்று தெரிந்ததும் இதற்கு முன்னால் இரண்டு பேர் வந்த வழியே போய்விட்டார்கள். "நான் உள்ளேயே இருந்துக்கறேன்டி, நீ கவலைப்படாதே" என்று அவளேதான் சொன்னாள். நாலு மணிக்குத்தான் பயிற்சி. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவளுடைய நாற்காலியை அப்பா காலையிலேயே தள்ளிக்கொண்டு போயிருந்தார். சக்கரம் கிறீச்சிடுகிறதாம், எண்ணெய் போட்டுக் கொண்டுவருகிறாராம். பதினைந்து வருஷத்தில் ஒரு நாளாவது எண்ணெய்க் குப்பியைத் தொட்டிருப்பாரா மனுஷர்? அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மாப்பிள்ளையும் அவன் தாயாரும் வந்து உட்கார்ந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாமே கேட்டது.

"வீடு அம்சமா இருக்கு. ஆனா சுவிட்செல்லாம் ஏன் இடுப்புக்குக் கீழே வெச்சிருக்கீங்க?" என்றாள் தாயார்.

"முன்ன இருந்தவங்க அப்படிக் கட்டிட்டாங்க," என்றாள் அம்மா.

"கோப்பையெல்லாம்கூட அலமாரியோட கீழ்த்தட்டுல கெடக்கே. கொஞ்சம் மேல வெச்சா நாலு பேர் கண்ணுல படுமே."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளை ஒளிக்கத் தெரிந்த புத்திசாலிகளுக்கு வீட்டை ஒளிக்கத் தெரியவில்லை. சுவிட்சு, அலமாரி, படியில்லாத வாசல் சரிவு என்று எல்லாமே அவள் கைக்கு எட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தவை.

"யார் ஜெயிச்சது இதெல்லாம்?"

கூடத்தில் காபி டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல் வந்தது. "இவதான். சின்ன வயசுலேருந்தே பந்துன்னா உசுரு, அணிக்கே கேப்டன்."

"நீயாம்மா? கேப்டனா இருந்தியா?"

இல்லை என்று சொல்லுடி. யாரோ தோழியுடையது என்றாவது சொல்லித் தொலை. பெரியவள் மனசுக்குள் மன்றாடினாள்.

"ஆமாங்க," என்றாள் சின்னவள்.

பயிற்சி நாட்களில் பந்து உருண்ட இடமெல்லாம் ஓடி, பொறுக்கி வந்து அக்கா மடியில் போட்ட சின்னவள்.

"கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"ஒரு அக்கா இருந்தா. சின்னதுலயே தவறிட்டா," என்றாள் சின்னவள்.

பெரியவள் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தாள். பழக்கத்தில் நாற்காலியைத் தேடிக் கை நீண்டது. நாற்காலி இல்லை. எண்ணெய் போட்ட லட்சணம் அப்போதுதான் புரிந்தது. ஆட்டத்தில் வண்டி கவிழ்ந்தால் கையை ஊன்றி எழுந்தாக வேண்டும், யாராவது தூக்கிவிடுவார்கள் என்று கிடந்தால் பந்து போய்விடும். கட்டிலிலிருந்து இறங்கினாள். கதவுத் தாழ்ப்பாளும் நல்லவேளையாகக் கீழேதான் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி ஊன்றிக் கூடத்துக்கு வந்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் பெரிய கோப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "இது யாரு?"

அம்மா சட்டென்று எழுந்து குறுக்கே வந்தாள்.

"தவறிப்போன அக்கா," என்றாள் பெரியவள். "உங்க மடியில இருக்கறது நான் ஜெயிச்சது."

தாயார் அவள் கால்களைப் பார்த்தாள். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ பாவம். முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

மாப்பிள்ளை சுவரில் இருந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வாழ்க்கையக் கெடுத்துட்டியேக்கா," என்று அழுதாள் சின்னவள்.

"ஒளிஞ்சிருக்கத்தான்டி சம்மதிச்சேன். சாகறதுக்குச் சம்மதிக்கலே." பெரியவள் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நீ சொன்னே."

அப்பா கொல்லைக் கொட்டகையிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் பழையபடி கிறீச்சிட்டது. பெரியவள் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். தள்ளுவதற்கு வந்த கையை விலக்கினாள். "விடுங்கப்பா."

"எங்கடி போறே? இந்தக் கோப்பையெல்லாம்..." என்று அம்மா இழுத்தாள்.

"பயிற்சிக்கு. கோப்பை இங்கயே இருக்கட்டும். உங்க கேப்டன் வீட்லதானே இருக்கா."

வாசல் சரிவில் விருந்தாளிகள் கழற்றிப் போட்ட செருப்புகள் வழியை மறித்துக் கிடந்தன. இந்த வீட்டில் அந்த இடத்தில் யாரும் செருப்பு விடுவதில்லை. இன்றைக்கு அதை அவர்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெரியவள் அவற்றின் மேலேயே சக்கரத்தை ஏற்றி இறங்கிப் போனாள்.